நார்விச் கிணற்றில் கிடைத்த 17 பேரும் அந்த ஊர் யூதர்களும்

நீங்கள் கேட்டது இதுதான். இங்கிலாந்தின் நார்விச் நகரில் கடை வளாகம் கட்டத் தோண்டியபோது பழைய கிணறு ஒன்றில் எலும்புக்கூடுகள் கிடைத்தன, அவை யூதர்களுடையவை என்று மரபணு ஆய்வு நிரூபித்துவிட்டது என்று ஒரு செய்தியில் படித்திருக்கிறீர்கள். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆங்கிலேய ஊரில் யூதர்கள் எப்படி இருந்தார்கள், வட்டிக்கு விட்டதால்தானே அவர்களைக் கொன்றார்கள் என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. கிணற்றில் கிடந்தவர்கள் யார் என்பது ஒன்று. அதற்குச் சான்று இருக்கிறது, அந்தச் சான்று எவ்வளவு தூரம் போகும் என்றும் சொல்லிவிடலாம். ஏன் கொன்றார்கள் என்பது இன்னொன்று. அதற்கான பதிலைக் கேள்வியிலேயே வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். அந்தப் பதில் முழுப் பொய் இல்லை. ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் முக்கியமான ஆள் ஒருவர் கண்ணில் படாமல் போய்விடுகிறார். அவர் இங்கிலாந்தின் அரசர்.

நான் படித்ததும் பல வருடமாகக் கற்பித்ததும் இடைக்கால இங்கிலாந்தின் வரலாறு, அதிலும் குறிப்பாக வரி, கடன் ஆவணங்கள். மரபணுவியல் என் துறை இல்லை. அதனால் எலும்புகளைப் பற்றிச் சொல்லும்போது ஆய்வாளர்கள் வெளியிட்டதைத்தான் சொல்கிறேன். ஆவணங்களைப் பற்றிச் சொல்லும்போது என் மதிப்பீட்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் கிணறு. 2004இல் நார்விச்சின் சேப்பல்ஃபீல்ட் பகுதியில் வணிக வளாகம் கட்டுவதற்கு முன் நடந்த அகழாய்வில் இடைக்காலக் கிணறு ஒன்று வெளிப்பட்டது. அதற்குள் குறைந்தது 17 பேரின் எலும்புகள் இருந்தன. 6 பேர் பெரியவர்கள், 11 பேர் குழந்தைகள். எலும்புகள் சிதறாமல் உடலோடு உடலாகக் கிடந்த விதத்தைப் பார்த்தால், இறந்து அதிக நாள் ஆவதற்குள் எல்லோரையும் ஒரே சமயத்தில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. உயிரோடு விழுகிறவன் கையை ஊன்றித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பான், அதனால் கை எலும்புகளில் முறிவு இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஆகவே உள்ளே போடும்போதே அவர்கள் இறந்திருந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. சுமார் 2011இல் முதல் கட்ட மரபணுச் சோதனை நடந்து, யூதர்களாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. 2013இல் நார்விச்சின் ஏர்ல்ஹாம் கல்லறைத் தோட்டத்தில், யூதர்களுக்கான பகுதியில், அவர்கள் முறைப்படி மண்ணில் வைக்கப்பட்டார்கள். நீங்கள் படித்த செய்தி அதற்கும் பிறகு வந்தது. 2022 ஆகஸ்டில் ஒரு முன்னணி உயிரியல் ஆய்விதழில் விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியானது.

அந்தக் கட்டுரைக்காக ஆறு பேரின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். இன்றைய அஷ்கெனாசி யூதர்களோடு, அதாவது நடு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா வழி வந்த யூதர்களோடு, அவர்களுக்கு மிக நெருக்கமான உறவு தெரிந்தது. சில பரம்பரை நோய்களுக்குக் காரணமான மாற்றங்கள் அந்தச் சமூகத்தில் இன்றும் அதிகம் காணப்படுகின்றன. அவை இந்த எலும்புகளிலும் இருந்தன. மூன்று பேர் உடன்பிறந்த சகோதரிகள் என்பதும் தெரியவந்தது. ஒருத்தி இளம்பெண். ஒருத்தி பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வயதுக்காரி. கடைசிப் பெண் பத்து வயதைத் தாண்டாதவள். கதிரியக்கக் கார்பன் கணிப்பின்படி இறப்புக் காலம் 1161க்கும் 1216க்கும் இடையில் விழுகிறது.

இதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக்கொள்வோம். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஒன்றாக இறந்ததும், கல்லறையில் வைக்காமல் கிணற்றில் போட்டதும், அவர்களுடைய வம்சாவளியும், ஐம்பத்தைந்து ஆண்டு இடைவெளிக்குள் அடங்கும் காலமும் உறுதியானவை. அவர்கள் யூத மதத்தைக் கடைப்பிடித்தவர்கள் என்பதை மரபணு நேராகச் சொல்லாது, ஏனென்றால் வம்சம் வேறு, வழிபாடு வேறு. ஆனால் அந்தக் காலத்து நார்விச்சில் இந்த வம்சாவளியோடு, குடும்பம் குடும்பமாக வாழ்ந்தவர்கள் யூதச் சமூகத்தைச் சேராதவர்கள் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. எந்த நாளில் இறந்தார்கள் என்பது இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிற விஷயம். அந்த இடைவெளிக்குள் நார்விச் யூதர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டதாக எழுத்தில் பதிவான நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான், 1190 பிப்ரவரி 6. எலும்புகள் அதோடு பொருந்துகின்றன. ஆய்வாளர்களும் அந்த அளவோடுதான் நிறுத்திக்கொண்டார்கள். தலைப்பில் 'நிரூபித்தது' என்று போட்டது செய்தி எழுதியவர்கள். என் கணிப்பைக் கேட்டால், 1190தான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அது வலுவான ஊகம், அவ்வளவுதான்.

சரி, யூதர்கள் அங்கே எப்படி வந்தார்கள்? 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நார்மண்டியின் ரூவான் நகரிலிருந்து யூதர்கள் லண்டனுக்கு வந்தார்கள். அதற்கு முன் இங்கிலாந்தில் நிலையான யூதச் சமூகம் இருந்ததற்குச் சான்று கிடையாது. லண்டனிலிருந்து மெல்ல மற்ற நகரங்களுக்குப் பரவினார்கள். 1144இல் நார்விச்சில் அவர்கள் குடியிருந்தது நிச்சயம். நார்விச் அன்றைக்குச் சின்ன ஊர் இல்லை. இங்கிலாந்தின் பெரிய நகரங்களில் ஒன்று, மேட்டின் மேல் அரசரின் கோட்டை, கீழே பெரிய சந்தை, 1096இல் கட்டத் தொடங்கிய பேராலயம். சின்னதாக இருந்தது யூதச் சமூகம்தான். எண்ணிக்கை கூடியிருந்த காலத்திலும் இருநூறு பேருக்குப் பக்கத்தில்தான் இருந்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. கோட்டைக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட தெருக்களில் கிறிஸ்தவர்களின் வீடுகளுக்கு நடுவிலேயே குடியிருந்தார்கள். தனிச் சேரி என்று ஒதுக்கிய இடம் எதுவும் இல்லை. ஆபத்து வந்தால் கோட்டைக்குள் ஓடிவிடும் தூரத்தில் வீடு எடுத்தார்கள்.

வீட்டில் அவர்கள் பேசியது பிரெஞ்சு. வழிபாட்டுக்கும் படிப்புக்கும் எபிரேயம். கடன் பத்திரத்தின் மொழி லத்தீன், ஓரத்தில் எபிரேயத்தில் ஒரு குறிப்போ கையெழுத்தோ இருக்கும். வட்டித்தொழில் பிரதானம். மருத்துவர்கள் இருந்தார்கள், சிறு வியாபாரிகள் இருந்தார்கள், பணக்கார வீடுகளை அண்டிப் பிழைத்த ஏழைகளும் இருந்தார்கள். பெண்களும் தங்கள் பெயரிலேயே கடன் கொடுத்திருக்கிறார்கள். 1177 வரை இங்கிலாந்து யூதர்களுக்கு இருந்த ஒரே கல்லறைத் தோட்டம் லண்டனில். நார்விச்சில் ஒருவர் இறந்தால் நூறு மைலுக்கு மேல் வண்டியில் கொண்டுபோய் அடக்கம் செய்ய வேண்டும். அந்த வருடம்தான் அந்தந்த நகரத்துக்கு வெளியே இடம் வாங்கிக்கொள்ள இரண்டாம் ஹென்றி அனுமதி கொடுத்தார். இறந்தவரை அவ்வளவு தூரம் சுமந்து போய் முறையாக அடக்கம் செய்த ஒரு சமூகம் தன் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டிருக்காது. போட்டவர்கள் வேறு யாரோ. இதையும் சான்றாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது அரசர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்து யூதர்கள் சட்டப்படி நேரடியாக அரசருக்கு உட்பட்டவர்கள். ஊர்ப் பிரபுவுக்கோ நகர மன்றத்துக்கோ அவர்கள் மேல் அதிகாரம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இது சலுகை. அரசரின் நெடுஞ்சாலையில் தடையில்லாமல் போகலாம், அரசரின் நீதிமன்றத்தில் கடனை வசூலிக்கலாம், கலவரம் வந்தால் கோட்டைக்குள் போகலாம். ஆனால் அவர்களுடைய சொத்து எப்போது வேண்டுமானாலும் அரசர் கை வைக்கக்கூடிய சொத்து. 'டாலேஜ்' என்ற பெயரில் நினைத்தபோது, நினைத்த தொகைக்கு வரி போடலாம். அதற்கு யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டாம். யூதர் இறந்தால் அவருக்கு வரவேண்டிய கடன்களில் அரசருக்குப் பங்கு உண்டு. கிறிஸ்தவர்கள் வட்டிக்கு விடத் திருச்சபை தடை விதித்திருந்தது, யூதர்களுக்கோ கைவினைச் சங்கங்களில் இடமில்லை, நிலம் வைத்துப் பிழைக்கவும் வழியில்லை. எஞ்சியது கடன் தொழில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அனுமதித்த உச்ச வட்டி, பவுண்டுக்கு வாரம் இரண்டு பென்னி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்பதால் வருடத்துக்கு 43 சதவீதத்தைத் தாண்டுகிறது. கொடுமையான வட்டிதான், மறுக்க முடியாது. ஆனால் வாங்கிய வட்டியில் பெரும் பகுதி வரியாக அரசரின் கஜானாவுக்குப் போனது. கடன் வாங்கிய விவசாயியும் சிறு நிலக்காரரும் வாசலில் பார்த்தது யூதரை. அவருக்குப் பின்னால் நின்ற அரசரை அவர்கள் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் அவர் மேல் கை வைக்க முடியாது.

அரசரின் இந்தப் பிடிக்கு நார்விச்சில் நல்ல உதாரணம் ஜூர்னெட் என்பவரின் யூதக் குடும்பம். இன்றும் கிங் ஸ்ட்ரீட்டில் 'மியூசிக் ஹவுஸ்' என்று பெயர் பெற்ற ஒரு கல் வீடு நிற்கிறது. அதன் அடித்தளத்திலுள்ள வளைவுக் கூரை அறைகள் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் இன்றும் நிற்கிற மிகப் பழைய குடியிருப்புகளில் அதுவும் ஒன்று. மற்றவர்கள் மரத்திலும் மண்ணிலும் வீடு கட்டிய காலத்தில் கல்லில் கட்டியது செல்வத்துக்காக மட்டும் இல்லை, பாதுகாப்புக்காகவும்தான். அந்த வீடு ஜூர்னெட்டின் மகன் ஐசக்குக்கு வந்தது. அவர் நாட்டிலேயே பெரிய அளவில் கடன் கொடுத்தவர்களில் ஒருவர். 1210இல் ஜான் அரசர் நாட்டிலுள்ள வசதியான யூதர்களைப் பிடித்து அடைத்தபோது ஐசக்கும் அடைபட்டார். அந்த ஆண்டு யூதர்கள் மேல் விழுந்த மொத்த வரி 60,000 மார்க்குக்குக் குறையாது என்று அந்தக் கால நாளாகமங்கள், அதாவது ஆண்டுவாரியாக எழுதிய வரலாற்றுக் குறிப்புகள், சொல்கின்றன. ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. தொகையை நாளாகமக்காரர்கள் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனால் குடும்பங்கள் நொடித்துப் போனதும் பலர் நாட்டைவிட்டே போனதும் நடந்தவை.

ஐசக்கைப் பற்றி ஒரு படமே இருக்கிறது. லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 1233ஆம் ஆண்டின் அரசாங்க வரவுக் கணக்குச் சுருளின் தலைப்பில் ஒரு எழுத்தர் வரைந்தது. கணக்கு எழுதியவர் பொழுது போகாமல் கிறுக்கியது போலத் தோன்றும், ஆனால் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். மேலே நடுவில் முடி சூடிய ஒரு ஆள், அவருக்கு மூன்று முகம். அதுதான் ஐசக். கீழே மோசே மோக் என்ற யூதரும் அவிகாயே என்ற யூதப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்து நிற்கிறார்கள். இருவருக்கும் நடுவில் கொம்பு வைத்த ஒரு பேய், இரண்டு பேருடைய மூக்கையும் விரலால் தொட்டுக் காட்டுகிறது. சுற்றிலும் கோட்டைக் கோபுரங்களும் இன்னும் சில பேய்களும். யூதர்களைக் கேலி செய்து ஐரோப்பாவில் வரைந்த சித்திரங்களில், தேதி தெரிந்த மிகப் பழையவற்றில் இது ஒன்று. அதை வரைந்தவர் தெருவில் கல்லெறிந்த ஆள் இல்லை. யூதர்கள் கட்டிய வரியை வரவு வைத்துக்கொண்டிருந்த அரசு ஊழியர். மாணவர்களுக்கு இதைக் காட்டும்போது நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

வட்டி மட்டும் காரணமில்லை என்று நான் சொல்வதற்கு முக்கியமான ஆதாரம் 1144இல் நடந்த ஒன்று. அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில், தோல் பதனிடும் தொழில் கற்றுக்கொண்டிருந்த வில்லியம் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் காணாமல் போனான். நகருக்கு வெளியே தோர்ப் காட்டில் பிணமாகக் கிடைத்தான். பையனுடைய தாயின் சகோதரியை மணந்திருந்த காட்வின் என்ற பாதிரியார், யூதர்கள்தான் கொன்றார்கள் என்று திருச்சபைக் கூட்டத்தில் குற்றம் சாட்டினார். அந்த வட்டாரத்தில் அரசரின் அதிகாரியான ஷெரீஃப் ஜான் டி செஸ்னி யூதர்களைக் கோட்டைக்குள் வைத்துக் காப்பாற்றினார். விசாரித்து ஒருவரையும் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. விஷயம் அங்கேயே அடங்கியிருக்கும். சில வருடம் கழித்து, 1150 வாக்கில், மான்மத் ஊர் தாமஸ் என்ற துறவி நார்விச் பேராலய மடத்துக்கு வந்து சேர்ந்தார். பையனைப் புனிதனாக்கியே தீருவது என்று ஒரு நூல் எழுதத் தொடங்கினார். யூதர்கள் கிறிஸ்துவை அறைந்தது போல அந்தப் பையனையும் சடங்காகக் கொன்றார்கள் என்று அதில் சொன்னார். யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய தியோபால்ட் என்ற ஒருவர் தனக்குச் சொன்னதாக இன்னொன்றும் எழுதினார். ஒவ்வொரு வருடமும் பிரான்சின் நார்போன் நகரில் யூதத் தலைவர்கள் கூடி, எந்த நாட்டில் ஒரு கிறிஸ்தவக் குழந்தையைப் பலி கொடுப்பது என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பார்களாம்.

இது முழுக் கட்டுக்கதை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை, துறையில் யாருக்கும் இல்லை. பையனை யார் கொன்றார்கள் என்பது அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் யூதர்கள் மேல் சுமத்திய 'சடங்குக் கொலை'ப் பழிகளில் நமக்கு முழுதாகக் கிடைக்கும் முதல் கதை இதுதான். பிறகு 1168இல் குளோஸ்டரிலும், 1171இல் பிரான்சின் ப்ளுவாவிலும், 1181இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸிலும், 1255இல் லிங்கனிலும் இதே மாதிரிப் பழி கிளம்பியது. ப்ளுவாவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை எரித்தார்கள். நூற்றாண்டுகள் தாண்டி நாஜிகள் வரை இந்தப் பொய் உயிரோடு இருந்தது. நார்விச்சிலிருந்து மற்ற இடங்களுக்கு நேராகப் போனதா, தனித்தனியாகக் கிளம்பியதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. தாமஸின் நூலுக்கு இன்று எஞ்சியிருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. சஃபோக் மாவட்டத்தின் ஒரு கிராமத் தேவாலய நூலகத்தில் அதைக் கண்டெடுத்தவர், பேய்க்கதைகளால் பிரபலமான எம்.ஆர். ஜேம்ஸ். 1896இல் அச்சுக்கு வந்தது. ஒரே பிரதிதான் மிஞ்சியது என்பதால் நூலைப் படித்தவர்கள் குறைவாக இருந்திருக்கலாம். வதந்தி பரவ நூல் தேவைப்படவில்லை.

கடனுக்கும் இந்தப் பழிக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. தாமஸே சொல்லும் ஒரு செய்தி இருக்கிறது. சைமன் டி நோவர்ஸ் என்ற வீரர் ஒரு யூதருக்குப் பெரிய கடன் பட்டிருந்தார். அந்த யூதர் சைமனின் ஆட்களால் கொல்லப்பட்டார். யூதர்கள் ஸ்டீபன் அரசரிடம் முறையிட்டார்கள். சைமனுக்காக வாதாடிய ஆயர் வில்லியம் டர்ப், முதலில் எங்கள் பையனைக் கொன்றதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும் என்று திருப்பிவிட்டார். வழக்கு தள்ளிப்போனது, அப்படியே போய்விட்டது. கொலையாளியைக் காப்பாற்றப் பழைய பழி கைகொடுத்தது. சடங்குக் கொலைக் கதை நிலைபெற்றதே இந்த வழக்கால்தான் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அது பெரும்பாலும் சரி என்றே படுகிறது. ஆனால் தாமஸ் சொல்வதை ஒரு இடத்தில் நம்பாமல் இன்னொரு இடத்தில் நம்புகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது.

அப்புறம் 1190. முந்தைய செப்டம்பரில் முதலாம் ரிச்சர்டின் முடிசூட்டு நாளன்று லண்டனில் யூதர்களைத் தாக்கிய கலவரம் வெடித்தது. அரசர் பிரான்சுக்குப் போனதும் தாக்குதல் கிழக்கு இங்கிலாந்துக்குப் பரவியது. ஜெருசலேமைப் பிடிக்கக் கிறிஸ்தவர்கள் கிளம்பிய மூன்றாம் சிலுவைப்போருக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்த நேரம். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ரால்ஃப் டி டைசீட்டோ எழுதியிருப்பதன் சாரம் இது: ஜெருசலேமுக்குப் புறப்பட்டவர்களில் பலர், அங்கே போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் இங்கேயுள்ள யூதர்களைத் தீர்த்துவிடுவது என்று முடிவு கட்டினார்கள். பிப்ரவரி 6இல் நார்விச்சில் தங்கள் வீடுகளிலேயே இருந்த யூதர்கள் எல்லோரும் கொல்லப்பட்டார்கள், சிலர் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்து பிழைத்தார்கள். நமக்கு எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். எத்தனை பேர், யார் யார் என்று இல்லை. மார்ச் 16இல் யார்க் கோட்டைக் கோபுரத்தில் ஏறக்குறைய நூற்றைம்பது பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து பரி செயின்ட் எட்மண்ட்ஸில் 57 பேர்.

வட்டிதான் காரணமா என்ற உங்கள் கேள்விக்கு யார்க்கில் தெளிவான பதில் கிடைக்கிறது. அங்கே கும்பலைத் தூண்டியவர்களில் பெரிய கடனாளிகள் இருந்தார்கள். கொலை முடிந்த கையோடு பேராலயத்தில் பாதுகாப்பாக வைத்திருந்த கடன் பத்திரங்களை எடுத்து எரித்தார்கள். நார்விச்சில் அப்படிப் பத்திரம் எரித்ததாகச் செய்தி இல்லை. அங்கே எழுதி வைத்திருப்பது சிலுவைப்போர் வெறி. அதற்குப் பின்னால் நாற்பது வருடமாகப் பேராலயத்திலேயே வளர்த்த வில்லியம் கதை. ஆக, கடன் ஒரு காரணம், எல்லா ஊரிலும் ஒரே அளவுக்கு இல்லை. கடன் கொடுத்தவர் மேல் கோபம் என்றால் அவரோடு போயிருக்க வேண்டும். கிணற்றில் கிடந்த 17 பேரில் 11 பேர் குழந்தைகள். அவர்கள் யாருக்கும் ஒரு பென்னி கடன் கொடுத்திருக்க மாட்டார்கள். 'வட்டிக்கு விட்டதால் கொன்றார்கள்' என்று ஒரே வரியில் சொல்லும்போது, கொன்றவர்கள் சொன்ன நியாயத்தை நாமே திருப்பிச் சொன்னதாக ஆகிவிடுகிறது. கேட்ட உங்களைக் குறை சொல்லவில்லை. பாடப் புத்தகங்களிலேயே இந்த வரி இருக்கிறது.

அரசாங்கம் இந்தக் கலவரங்களிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் பத்திரங்களைக் காப்பாற்றுவது. 1194இல் வந்த ஆணைப்படி குறிப்பிட்ட நகரங்களில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு நகல் அதற்குள் போக வேண்டும். இரண்டு கிறிஸ்தவர்களும் இரண்டு யூதர்களும் அதற்குப் பொறுப்பு. நார்விச்சிலும் அந்தப் பெட்டி இருந்தது. யூதர் கொல்லப்பட்டாலும் அவருக்கு வரவேண்டிய கடன் அரசருக்குத் தப்பக் கூடாது என்பதுதான் நோக்கம். 1225 முதல் 1227 வரையிலான நார்விச் கடன் பதிவு ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் இன்றும் இருக்கிறது. கடன் வாங்கியவர்கள் பெரும்பாலும் சுற்று வட்டாரக் கிராமத்துக்காரர்கள் என்பதை அதில் பார்க்கலாம்.

1190க்குப் பிறகும் நார்விச் யூதச் சமூகம் அழியவில்லை. பிழைத்தவர்கள் திரும்பி வந்து இன்னும் நூறு வருடம் இருந்தார்கள். 1230களில் ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் மகனைப் பிடித்து விருத்தசேதனம் செய்தார்கள் என்று புது வழக்கு ஒன்று கிளம்பியது. அந்தப் பழியோடு வீடுகளைத் தாக்கியதும் நடந்தது. இதையெல்லாம் எழுதியவர்கள் வரி வாங்கியவர்களும் குற்றம் சாட்டியவர்களும்தான். யூதர்கள் தரப்புக் குரலாக நமக்குக் கிடைப்பது மேயிர் பென் எலியாஹு என்ற கவிஞர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நார்விச்காரர். எபிரேயத்தில் எழுதிய அவருடைய கவிதைகள் வத்திக்கான் நூலகத்தின் ஒரு கையெழுத்துப் பிரதியில் தப்பிப் பிழைத்தன. அடிகளின் முதல் எழுத்துகளைக் கோத்தால், 'ஆங்கிளெத்தேர் (இங்கிலாந்தின் பிரெஞ்சுப் பெயர்) என்னும் தீவில் உள்ள நார்விச் ஊர் எலியாஹுவின் மகன் மேயிர்' என்கிற பொருளில் அவர் பெயரும் ஊரும் வரும். வறுமை, சிறை, நாடு கடத்தப்படும் பயம், இன்னும் எத்தனை நாள் என்று இறைவனிடம் கேட்கும் ஆற்றாமை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஒரு கவிதையில் எதிரிகளைச் சபிக்கச் சொல்லி வேண்டுகிறார். அடிக்கடி வரும் வரியோ, இருளை ஒளியாக்குகிறவன் நீ என்பது. 1290இல் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியதற்கு முன் இவற்றை எழுதினாரா பின் எழுதினாரா என்று உறுதியாகத் தீர்மானிக்க வழியில்லை. எப்படியானாலும் நார்விச் யூதர்களைப் பற்றிப் படிக்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் இவரைத்தான் சொல்வேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1275இல் முதலாம் எட்வர்ட் யூதர்கள் வட்டிக்கு விடுவதையே தடை செய்தார். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள் மஞ்சள் துணியில் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலத்தில் அடையாளம் குத்திக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. வேறு தொழில் செய்யலாம் என்றது, ஆனால் அதற்கான வழியைத் திறக்கவில்லை. 1278 நவம்பரில் நாணயத்தின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளி எடுத்ததாக நாடெங்கும் யூதக் குடும்பத் தலைவர்களைக் கைது செய்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். வரி கறந்து கறந்து இனிக் கறக்க ஒன்றும் இல்லாத நிலை வந்ததும், 1290 ஜூலை 18இல் எல்லா யூதர்களும் நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று ஆணை வந்தது. அதே சமயத்தில் நாடாளுமன்றம் எட்வர்டுக்குக் கொடுத்த வரியில் வசூலான தொகை சுமார் 1,16,000 பவுண்டு. வெளியேறியவர்கள் நாடு முழுவதுக்கும் சேர்த்தே சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். நார்விச்சில் அவர்கள் விட்டுப் போன வீடுகளை அரசர் விற்றுக் காசாக்கினார்.

இன்றைக்கு அங்கே யூதர்கள் இருக்கிறார்களா என்பது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. 1656இல் இங்கிலாந்துக்குள் யூதர்கள் மீண்டும் வெளிப்படையாக வாழ இடம் கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் நார்விச்சில் மறுபடி ஒரு சிறு குழு உருவானது. இவர்கள் புதிதாக வந்தவர்கள், கிணற்றில் கிடந்தவர்களின் நேர் வாரிசுகள் என்று காட்ட ஆதாரம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெப ஆலயம் (யூதர்களின் வழிபாட்டு இடம், ஆங்கிலத்தில் சினகாக்) கட்டினார்கள், அந்தத் தெருவுக்கே சினகாக் ஸ்ட்ரீட் என்று பெயர் வந்தது. ஹால்டின்ஸ்டைன் குடும்பம் பெரிய செருப்புத் தொழிற்சாலை நடத்தியது. 1912இல் ஆர்தர் மைக்கேல் சாமுவேல் நகரத்தின் முதல் யூத மேயரானார். 1942இல் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் அந்த ஜெப ஆலயம் அழிந்தது. இப்போதுள்ளது ஏர்ல்ஹாம் ரோட்டில், 1969இல் கட்டியது. சமூகம் இன்றும் சிறியதுதான், ஆனால் இருக்கிறது. 2013இல் அந்த 17 பேரின் அடக்கத்தை நடத்தி, அவர்களுக்காக எபிரேயத்தில் பிரார்த்தனை சொன்னதும் யூதர்கள்தான்.